முதல் பழங்காசு எது: ராஜராஜனா, லீலாவதியா, பாண்டியனா, சேதுவா?

காசு சேர்க்கிறவர்களிடம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதில் ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். கேட்கும்போதே பாதிப்பேர் மனதில் ஒரு பொற்காசு மின்னிக்கொண்டிருக்கும். சோழர் கருவூலம், புதையல் பானை என்று நினைப்பு ஓடும். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள் என்றே நான் சொல்வேன். சந்தையில் உப்புக்கும் வெற்றிலைக்கும் கைமாறித் தேய்ந்த செம்புக் காசுதான் முதல் காசாக இருக்க வேண்டும். விலை கையைக் கடிக்காது, ஏமாறும் வாய்ப்பு குறைவு, கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

சரி, எந்தச் செம்புக் காசு? தமிழ் வாசகர் ஒருவருக்கு உண்மையான போட்டி நான்குக்குள்தான். முதலாம் ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் காசு. அதே அச்சுமுறையை எடுத்துக்கொண்டு பொலன்னறுவையில் அடிக்கப்பட்ட இலங்கைக் காசு, குறிப்பாக அரசி லீலாவதியுடையது. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியரின் மீன் காசு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது காசு. நான்குமே கையால் அடித்தவை, நான்குமே அன்றாடப் புழக்கத்துக்கானவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்கள் ராஜராஜன் காசில் தொடங்குவதே நல்லது. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. யாருக்கு எது என்று பார்ப்பதற்கு முன், இந்தக் காசுகள் எப்படிப் பிறந்தன என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வாங்கும்போது கண் எங்கே போக வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

கீழ் அச்சு ஒன்று அடிக்கட்டையில் அசையாமல் பதிந்திருக்கும். அதன்மேல் செம்பு வில்லையை வைப்பார்கள். மேல் அச்சைக் கையில் பிடித்து வில்லையின்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதியும். வில்லையைச் சுற்றி வளையம் எதுவும் கிடையாது. அதனால் அடி விழுந்ததும் செம்பு பக்கவாட்டில் பிதுங்கும், ஓரம் சீரற்று விரியும், சில காசுகளில் அடையின் ஓரம்போல வெடித்தும் இருக்கும். மேல் அச்சு ஒரு நூல் விலகினால் உருவத்தின் தலை காசுக்கு வெளியே போய்விடும். ஒரு பக்கம் ஆழமாகவும் இன்னொரு பக்கம் மேலோட்டமாகவும் பதிவதும் சாதாரணம். ஆக, ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள்கூட ஒன்றுபோல இருக்காது. இன்ன அரசன் காசு என்று மட்டும் முடிவு செய்துவிட்டு வாங்கினால் போதாது. இருபது காசைத் தட்டில் போட்டுக் காட்டினால் இருபதையும் புரட்டிப் பார்த்து, எழுத்து முழுதாக உள்ளே விழுந்த ஒன்றைப் பொறுக்க வேண்டும். நான்கு வகைக்கும் இது பொருந்தும். ஆனால் தட்டில் இருபது காசு கிடைப்பது ஒரு வகைக்கு மட்டும்தான். ராஜராஜன் காசு முன்னே நிற்பதற்கு முதல் காரணமே அதுதான்.

ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவன் பெயரிட்ட செம்புக் காசு அவ்வளவு எண்ணிக்கையில் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கிறது. அளவு ஏறக்குறைய இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி இருக்கும், எடை நான்கு கிராமுக்குச் சற்று முன்பின்னாக. ஒரு பக்கம் நின்ற கோலத்தில் ஓர் ஆள், கையில் பூ. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அது ஆள் என்றே தெரியாது. முகம் என்பது மூக்கும் தாடையும் சேர்ந்த இரண்டு மூன்று கோடு. இடுப்புத் துணியின் மடிப்புகள் வளைந்த வரிகளாகக் கால்களுக்கு இருபுறமும் இறங்கும். பக்கத்தில் விளக்குபோல ஒன்று, இன்னொரு பக்கம் மேலிருந்து கீழாகப் பொட்டுகள். காசைத் திருப்பினால் அதே பாணியில் அமர்ந்த உருவம், தூக்கிய கையில் சங்கு. அந்தக் கையை ஒட்டித்தான் எழுத்து: மூன்று வரியில் 'ஸ்ரீ ராஜராஜ'.

எழுத்து நாகரி, இன்றைய இந்தி எழுத்தின் மூத்த வடிவம். இதைப் பார்த்துப் பலர் ஏமாற்றமடைவதை நான் கண்டிருக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் சுவரெல்லாம் தமிழில் வெட்டிய அரசன், காசில் ஏன் தமிழ் போடவில்லை என்ற கேள்வி நியாயமானதுதான். இந்தக் காசின் உருவ அமைப்பு இலங்கையின் பழைய பொற்காசுகளிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது காசு ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. நின்ற உருவம், அமர்ந்த உருவம், கைப்பக்கத்தில் நாகரி எழுத்து என்ற அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. 993 வாக்கில் சோழப்படை அனுராதபுரத்தை வீழ்த்தி, பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு இலங்கைப் பகுதிக்குத் தலைநகராக்கிக்கொண்டது. பிடித்த நாட்டில் மக்களுக்குப் பழகிய காசின் தோற்றத்தையே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவது நல்ல நிர்வாகம். சந்தையில் காசை வாங்குகிறவன் எழுத்தைப் படிப்பதில்லை, தோற்றத்தைத்தான் பார்க்கிறான். அதைப் புரிந்துகொண்ட அரசாங்கம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. படிப்பதற்கும் பயப்பட வேண்டாம். ஸ்ரீ, ரா, ஜ என்ற மூன்று எழுத்தைக் கற்றுக்கொண்டால் முழுக்காசும் படித்தாயிற்று. ஒரு சாயங்கால வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பிவிடாதீர்கள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'காசு' என்று வருவது பொற்காசு. ஊர்ச்சபைகளிடம் காசைக் கொடுத்து வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது எட்டில் ஒரு பங்கு, கோயிலுக்கு வர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது உங்கள் கையில் இருக்கும் செம்பு அல்ல. விற்கிறவர் அந்தக் கல்வெட்டைச் சொல்லி விலையை ஏற்றினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். தேய்ந்த ராஜராஜன் செம்புக் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். நல்ல பதிவு, நல்ல களிம்பு என்றால் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்தது லீலாவதி. அழகான போட்டி இது. சோழர்கள் 1070இல் இலங்கையை விட்டு விரட்டப்பட்டார்கள். விரட்டிய முதலாம் விஜயபாகுவும் அவனுக்குப் பின் வந்தவர்களும் காசின் தோற்றத்தை மாற்றவில்லை. அதே நின்ற ஆள், அதே அமர்ந்த ஆள், பெயர் மட்டும் வேறு. முதலாம் பராக்கிரமபாகு (1153 முதல் 1186), சாகசமல்லன், தர்மாசோகன், முதலாம் புவனேகபாகு என்று ஒரு வரிசையே இருக்கிறது. லீலாவதி பராக்கிரமபாகுவின் விதவை. தளபதிகள் அவளை மூன்று முறை அரியணையில் ஏற்றினார்கள்: 1197, 1209, 1211. மூன்றாம் முறை அவளை இறக்கியது பாண்டிய நாட்டிலிருந்து வந்த பராக்கிரம பாண்டியன், 1212இல். இத்தனை குழப்பத்துக்கு நடுவே அவள் பெயரில் காசு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சந்தைக்குச் சில்லறை வேண்டுமே. ஒரு பெண் தன் பெயரிலேயே ஆண்டு, தன் பெயரிலேயே அன்றாடக் காசும் வெளியிட்டது நம் பக்கத்து இடைக்கால வரலாற்றில் எவ்வளவு அபூர்வம் என்பதை நினைத்தால், இந்தச் சின்னச் செம்பைக் கையில் எடுக்கும்போது மரியாதை தானாக வரும். ஆனால் காசில் பெண் உருவத்தைத் தேடாதீர்கள். அதே பழைய ஆண் உருவம்தான். எழுத்து ஒன்றுதான் அவளை அடையாளம் காட்டுகிறது.

அங்கேதான் முதல் காசு வாங்குகிறவருக்குச் சிக்கல். லீலாவதி காசில் இருப்பது 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. ராஜராஜன் காசில் 'ஸ்ரீ ராஜராஜ'. தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். அச்சு விலகி அடித்த காசில் கடைசி எழுத்துகள் ஓரத்துக்கு வெளியே போயிருந்தால் இது யார் காசு என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். விற்கிறவர் லீலாவதி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும்போது, உங்களால் 'லீ' என்ற நாகரி எழுத்தைக் காசில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் வாங்கக் கூடாது. முதல் காசாக ராஜராஜனை வாங்கிக் கொஞ்ச நாள் கண்ணைப் பழக்கிக்கொண்டு, இரண்டாவதாக லீலாவதியை வாங்குவதே சரியான வரிசை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், இருநூறு வருடமாக ஒரே தோற்றம் கடலின் இரு கரையிலும் நம்பிக்கையோடு புழங்கியிருக்கிறது என்பது விளங்கும். பராக்கிரமபாகுவின் தளபதி லங்காபுரன் பாண்டிய நாட்டுக்குள் படையோடு வந்தபோது, பராக்கிரமன் பெயர் பொறித்த காசை இங்கே புழக்கத்தில் விட்டதாக மகாவம்சத்தின் பிற்பகுதி சொல்கிறது. ராஜராஜன் அங்கிருந்து எடுத்துக்கொண்ட தோற்றம், இன்னொரு அரசன் பெயரோடு இந்தப் பக்கம் வந்திருக்கிறது!

தமிழிலேயே படிக்க வேண்டும், நாகரி வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் பாண்டியர் காசு. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் தங்கள் பட்டப்பெயர்களைத் தமிழிலேயே காசில் போட்டார்கள். சுந்தர பாண்டியன், எல்லாந்தலையானான், கச்சி வழங்கும் பெருமாள், சோணாடு கொண்டான். படிக்கும்போதே ஒரு சிலிர்ப்பு வரும் பெயர்கள். கடைசியாகச் சொன்னது முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. 1216இல் பட்டத்துக்கு வந்தவன் அவன். சோழ நாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரியூட்டியதாக அவன் மெய்க்கீர்த்தியே, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரையே, பெருமையாகச் சொல்கிறது. பிறகு நாட்டைச் சோழரிடமே திருப்பிக் கொடுத்தான். அந்த வெற்றி முழக்கம் ஒரு செம்புத் துண்டில் ஏறி, காய்கறி விற்கிறவள் மடியில் போய் விழுந்திருக்கிறது. அரசர்கள் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோக இதைவிட மலிவான வழி அந்தக் காலத்தில் இருந்ததா என்ன?

ஆனால் முதல் காசாக இதை நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். பல காசுகள் சிறியவை. அந்தச் சிறிய வட்டத்துக்குள் பட்டப்பெயரை இரண்டு மூன்று வரியாக உடைத்து எழுதியிருப்பார்கள். அச்சு பெரியது, வில்லை சிறியது, ஆகவே சொல்லின் பாதி வெளியே போய்விடும். 'ணாடு', 'கொண்' என்று துண்டு துண்டாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். புள்ளி வைக்கும் வழக்கமும் இல்லை, நெடில் கொம்பும் இல்லை. இன்றைய தமிழ் தெரிந்தவர் பார்த்தவுடன் படித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மறுபக்கத்து இரட்டை மீனும் நடுவிலுள்ள செண்டும் (நுனி வளைந்த கோல்) மட்டும் தெளிவாக விழுந்த காசுகள் மலிவாகக் கிடைக்கும். மீன் இருந்தால் போதும் என்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். எழுத்து முழுதாகத் தெரியும் காசுக்கு விலை சட்டென்று ஏறும், ஏறுகிற இடத்தில் போலியும் வரும்.

சேது காசைப் பற்றிப் பேசும்போது நடுநிலையாக இருப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. ஒரு பக்கம் நின்ற ஆள், சோழர் காசிலிருந்து வழிவழியாக வந்து, இன்னும் கோடுகளாகச் சுருங்கிப்போன உருவம். மறுபக்கம் புதிது: திமிலோடு படுத்திருக்கும் காளை, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. அதே சொல் கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமத் தமிழ்க் கல்வெட்டின் தலைப்பிலும் இருக்கிறது. ராமேசுவரத்துச் சேதுவைக் காக்கிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட அரசர்கள் அவர்கள். முத்து வாணிகமும் கப்பலும் கையில் இருந்ததால் செல்வாக்கும் இருந்தது. 1344இல் மொராக்கோப் பயணி இபின் பதூதா அந்த வம்சத்து அரசனைச் சந்தித்து, அவனிடம் இருந்த முத்துகளைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்.

காசின் அடியில் எழுத்தை உற்றுப் பாருங்கள். முதலில் ஒரு கொம்பு, அப்புறம் 'ச', அப்புறம் 'து'. கொம்பு சுழிக்காமல் ஒற்றையாகத்தான் இருக்கும், ஆகவே எழுத்துக்கூட்டினால் 'செது' என்று வரும். நெடிலாக்கிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றே குறி என்பதால் அச்சு கொஞ்சம் விலகினாலும் ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்துவிடும். தமிழ் எழுத்து வேண்டும், படிக்கவும் முடிய வேண்டும் என்றால் பாண்டியர் காசைவிட இதுவே வசதி. குறை என்னவென்றால், ராஜராஜன் காசைவிட நன்றாகவே விலை கூடுதல், தமிழ்நாட்டுக் கடைகளில் அவ்வளவு சுலபமாகத் தட்டுப்படாது. புலம்பெயர்ந்த தமிழர்கள் ஆசையோடு தேடுவதால் இதற்கு வார்ப்புப் போலிகளும் வருகின்றன. 1619இல் போர்ச்சுகீசியர் கையில் முடிந்துபோன ஓர் அரசின் கையடக்கமான சாட்சி இது. போலி வாங்கி மனம் நோகக் கூடாத காசு என்பதால்தான், கண் பழகிய பிறகு வாங்குங்கள் என்கிறேன்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். வீரராயன் பணம்போன்ற குட்டிப் பொற்பணங்கள் அரை கிராம்கூடத் தேறாதவை, பார்க்க அழகு. ஆனால் அவ்வளவு சின்னப் பொருளில் உண்மை எது, நகைப்பட்டறையில் நேற்று அடித்தது எது என்று புதியவரால் சொல்ல முடியாது. மதுரைச் சுல்தான்களின் காசுகள் (1335 முதல் 1378 வரைக்குள்) பலரும் கவனிக்காத நல்ல தேர்வு. மதுரையிலேயே அடித்து மதுரைப் பக்கமே புழங்கியவை, சிலவற்றில் ஹிஜ்ரி ஆண்டும் உண்டு. மேலே சொன்ன நான்கிலும் ஆண்டு கிடையாது என்பதை நினைத்தால் இது பெரிய வசதி. அரபு எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் முதல் காசாகவே இதைச் சொல்வேன். லண்டனில் இருக்கிறவர்கள் முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னியைப் பற்றிக் கேட்கிறார்கள். அதுவும் சம்மட்டியால் அடித்ததுதான். ஏறக்குறைய 1.4 கிராம், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, பின்பக்கம் ஓரம்வரை நீளும் சிலுவை, அடித்த ஊரின் பெயர். 1279க்கு முன் சில்லறை தேவைப்பட்டால் பென்னியையே இரண்டாகவும் நாலாகவும் வெட்டிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் எட்வர்ட் அரைப்பென்னியையும் கால்பென்னியையும் வட்டக் காசாக அடித்துவிட்டான். அங்கே வாழ்கிறவர்களுக்கு அந்த மண்ணின் காசு அது, கடைகளில் ஏராளமாகவும் கிடைக்கிறது. சட்டச் சிக்கல் இல்லாமல் வாங்கலாம் என்பதற்காகவே அவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

போலிக்கு வருவோம். நான்கு வகைக்கும் பொதுவாக வரும் போலி, அசல் காசிலிருந்து அச்செடுத்து உருக்கி ஊற்றிய வார்ப்பு. லென்சில் பார்த்தால் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். எழுத்தின் விளிம்பு சோப்புக்கட்டியில் எழுதியதுபோல மழுங்கி வழியும். அடித்த காசில் தேய்ந்த எழுத்துக்கும்கூட அடிவாரத்தில் ஒரு கூர்மை இருக்கும். ஓரத்தைச் சுற்றிப் பார்த்தால் வார்ப்பில் இணைப்புக் கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ இருக்கும். எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான சோதனை வேறொன்று. விற்கிறவரிடம் இருக்கும் அதே வகைக் காசுகள் அனைத்தையும் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பும் ஒரே விலகலும் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். சம்மட்டி ஒரே மாதிரி இரண்டு முறை விழாது. நகைத் தராசு ஒன்று கையில் இருந்தால் எடையும் பார்த்துவிடலாம், சின்னக் காந்தத்தில் ஒட்டினால் செம்பே இல்லை.

இங்கேதான் ராஜராஜன் காசு மறுபடி ஜெயிக்கிறது. சில நூறு ரூபாய்க்கு அசலே ஏராளமாகக் கிடைக்கும்போது, சாதாரணத் தேய்மானத்தோடு இருக்கும் காசைப் போலி செய்து யாருக்கும் பெரிய லாபம் இல்லை. போலிக்காரர்கள் பொன்னையும் அரிய வகைகளையும் நோக்கிப் போகிறார்கள். மலிந்து கிடப்பது புதியவருக்கு ஒரு கவசம். அந்தக் காசை வைத்துக்கொண்டு நீங்கள் அடியின் தடம், செம்பின் களிம்பு, எழுத்தின் அடிவாரம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம். தேய்ந்த காசா என்று முகம் சுளிக்காதீர்கள். தேய்மானம் என்பது புழக்கத்தின் சாட்சி. பளபளவென்று இருப்பதைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். ஒன்று அது நேற்றுச் செய்தது, இல்லையென்றால் யாரோ புளிபோட்டுத் தேய்த்தது. செம்புப் பாத்திரத்துக்குச் செய்கிறதைக் காசுக்கும் செய்துவிடுகிறார்கள். புளியும் எலுமிச்சையும் நூறாண்டுகளாகப் படிந்த களிம்பைத் தின்றுவிடும், கூடவே மெல்லிய கோடுகளும் போய்விடும். கரும்பச்சையோ பழுப்போ, கெட்டியாகப் படிந்த களிம்பு இருக்கட்டும், அதுதான் காசுக்குத் தோல். வெளிர்ப்பச்சையில் பவுடர்போல உதிர்கிறது என்றால் மட்டும் அந்தக் காசை வாங்காதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சட்டத்தைப் பற்றி விற்கிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள், நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு எடுத்துச்செல்லக் கூடாது, தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். மண்ணுக்குள் புதைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இலங்கையிலும் தொல்பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே, கொழும்பிலிருந்து லீலாவதி காசு ஒன்றை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதும், சென்னையிலிருந்து ராஜராஜன் காசைக் கனடாவிலுள்ள தம்பிக்குத் தபாலில் அனுப்புவதும் குற்றம். நான் இதைக் கடுமையாகவே சொல்வேன். அமராவதி ஆற்றில் அரித்தெடுத்தது, வைகை மணலில் கிடைத்தது என்று சொல்லி விற்கிறவர்களிடமும் வாங்க வேண்டாம். காசு எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற விவரம் தொலைந்தால் வரலாற்றில் ஒரு பக்கம் தொலைகிறது, அதற்கு நம் பணம் கூலியாகக் கூடாது. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது, உரிமம் உள்ளவர், ரசீது தருகிறார் என்றால் மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கே பல காலமாக இருக்கும் சேகரிப்புகளிலிருந்து ஏலத்துக்கு வருவதை, பழைய ஆவணத்தோடு வாங்கலாம்.

அப்போ யாருக்கு எது? தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வரலாற்றில் ஒரு பிடிப்பு வர வேண்டும், கையில் ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ராஜராஜன் காசு. வாங்குவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பகுதிக்கு ஒருமுறை போய் வாருங்கள், கண்ணில் அசல் பதிந்துவிட்டால் கடைக்காரர் பேச்சில் மயங்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர், ஒரே ஒரு காசுதான் வாழ்நாளுக்கும் என்றால், விலை கூடினாலும் சேதுவே வாங்குங்கள். ஆனால் காசு பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள், எழுத்தில் இரண்டு குறியாவது தெளிவாக இருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துப் படிக்கப் பழகுகிறவர், கல்வெட்டு வகுப்புக்குப் போகிறவர் என்றால் பாண்டியர் காசு நல்ல பயிற்சி. துண்டு எழுத்தை வைத்து முழுச் சொல்லைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே இருக்கும். லீலாவதியை முதல் காசாகச் சொல்ல எனக்கு மனம் வருவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான்: நாகரி நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால்.

வாங்கியதும் மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், அதிலிருந்து கசியும் ரசாயனம் செம்பைப் பச்சையாக்கிவிடும். காகித உறையோ கெட்டி அட்டைப்பெட்டியோ போதும். சென்னை, நாகப்பட்டினம்போலக் கடற்கரை ஊர் என்றால் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை வெளிர்ப்பச்சை வருகிறதா என்று பாருங்கள். உறையின்மேல் எடை, விட்டம், யாரிடம் எந்தத் தேதியில் வாங்கியது, அவர் எங்கிருந்து பெற்றதாகச் சொன்னார் என்பதை எழுதி, ரசீதையும் அதனோடு சேர்த்து வையுங்கள். லீலாவதியையோ சேதுவையோ அடுத்து வாங்கும்போது, இந்த ராஜராஜன் காசையும் லென்சையும் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.